ஷெட்டில் கிடக்கும் பழைய ரப்பர் ஆசிட்

குமரி மாவட்டம் குலசேகரத்தில் இருக்கும் வீட்டு ஷெட்டில், ரப்பர் பாலை உறையவைக்கும் பார்மிக் ஆசிட் அரை கேன், இன்வெர்ட்டர் பேட்டரி, நாலைந்து ட்யூப்லைட் கிடக்கின்றன, குழி வெட்டிப் புதைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நம்ம பக்கத்து மழைக்கு அது கிணற்றில்தான் போய்ச் சேரும்.

ஆசிட்டை ஏன் கொட்ட வேண்டும்? ரப்பர் பால் உறையவைத்து ஷீட் அடிப்பவர்கள் பக்கத்தில் இல்லாமலா போவார்கள்? அவர்களிடம் கொடுங்கள். ஆனால் அடர்த்தியான ஆசிட் நாள்பட்டால் மெல்லச் சிதையும். கார்பன் மோனாக்சைடு சேர்ந்து கேனுக்குள் அழுத்தம் ஏறும். கேன் உப்பியிருந்தால் திறக்காதீர்கள், நகர்த்தவும் வேண்டாம். தீயணைப்பு நிலையத்தில் சொல்லுங்கள். அப்புறம், நெடி போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரை மட்டும் தூவிவிடாதீர்கள். ஆசிட் பட்டால் குளோரின் கிளம்பும், ஆளையே சாய்த்துவிடும்.

பேட்டரிக்குக் கவலையே இல்லை. உள்ளே இருக்கும் ஈயத்துக்காகப் பேட்டரிக் கடைக்காரரே காசு கொடுத்து எடுத்துக்கொள்வார். ஆசிட் நீரைக் கொட்டாமல், நிமிர்த்தியபடியே கொண்டுபோங்கள்.

பழைய வகை (எல்இடி அல்லாத) ட்யூப்லைட்டில் பாதரசம் உண்டு. உடையாமல் அட்டையில் சுற்றி, குப்பை வாங்க வருபவரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள். வீட்டு அபாயக் கழிவைப் பிரித்துத் தரவேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே சொன்னதுதான்.