தனி வழிகாட்டிக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு தீம் பார்க்குக்குப் போயிருந்தோம். என் தாயாருக்கு முழங்கால் வலி. வரிசையில் நிற்க முடியாது. அதனால் நுழைவு டிக்கெட் போக, கூடுதல் பணம் கட்டி ‘பிரீமியம் வழிகாட்டி’ சேவையை முன்பதிவு செய்தோம். எங்களுக்கு மட்டும் ஒரு வழிகாட்டி, ஆறு மணி நேரம், தனி வழியில் அனுமதி என்று முன்பதிவு மின்னஞ்சலில் இருக்கிறது. வந்தவரோ இன்னும் இரண்டு குடும்பங்களை எங்களோடு சேர்த்துக்கொண்டார். மூன்று மணி நேரத்தில் ‘டூட்டி முடிந்தது’ என்று கிளம்பிவிட்டார். பெரிய ராட்டினங்கள் இரண்டு பராமரிப்புக்காக மூடிக் கிடந்தன. பணத்தைக் கேட்டால், ‘கட்டிய தொகை திருப்பித் தரப்படாது’ என்ற நிபந்தனையைக் காட்டுகிறார்கள். வழக்கையும் அவர்கள் ஊரில்தான் போட வேண்டுமாம். பணம் கட்டியவர் என் மைத்துனர். நான் என்ன செய்யலாம்?

பதில்: நீங்களாக மனம் மாறிப் போகாமல் இருந்திருந்தால் அந்த நிபந்தனை அவர்களுக்குக் கைகொடுத்திருக்கும். வந்து நின்றவருக்குச் சொன்ன சேவையைத் தராமல், அதே வரியைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. ஒப்பந்தப்படி செய்ய வேண்டியதில் குறை வைப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(11)-படி சேவைக் குறைபாடு.

உங்கள் கடிதத்தில் ராட்டினங்களைப் பற்றிய கோபம்தான் அதிகம் தெரிகிறது. வழக்கின் பலம் அங்கே இல்லை. நீங்கள் கூடுதலாக வாங்கியது வழிகாட்டியின் நேரத்தை. அதுவும் உங்களுக்கு மட்டுமான நேரத்தை. அதில் பாதி வரவேயில்லை, வந்த பாதியும் பங்கு போடப்பட்டது. அதையே முதல் பத்தியில் எழுதுங்கள். மழைக்காகவோ பாதுகாப்புக்காகவோ ராட்டினத்தை நிறுத்தினால், இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் பூங்காவின் பக்கம்தான் சாயும், அது நியாயமும்கூட. ஆனால் பராமரிப்பு முன்கூட்டியே திட்டமிடப்பட்டிருந்து, அதைச் சொல்லாமல் முன்பதிவை ஏற்றிருந்தால் கதை வேறு. தெரிந்தே தகவலை மறைப்பதும் அதே பிரிவின்படி குறைபாடுதான். பராமரிப்புத் தேதிகளைக் காட்டும் பதிவேட்டைத் தாக்கல் செய்யச் சொல்லி ஆணையத்திடம் மனு கொடுக்கலாம்.

ஊர் விஷயத்தில் கவலை வேண்டாம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கப் பிரிவு 34 இடமளிக்கிறது. மைத்துனர் பணம் கட்டியதும் தடையில்லை. கட்டியவரின் சம்மதத்தோடு சேவையைப் பெற்றவரும் நுகர்வோரே. ஆனாலும் அவரையும் புகார்தாரராகச் சேர்த்துவிடுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஒரு வாதம் குறையும்.

ஒரு எச்சரிக்கை. ‘நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம், அதை ரத்து செய்ய வேண்டும்’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த வகைப் புகார் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியது. சேவைக் குறைபாடு என்ற தடத்திலேயே நில்லுங்கள்.

முதலில் பூங்கா நிர்வாகத்துக்கு, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும் நோட்டீஸ் அனுப்புங்கள். முன்பதிவு மின்னஞ்சல், பணம் கட்டிய ரசீது, அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றையும் மூலக் கோப்பாகவே வைத்திருங்கள். வழிகாட்டியோடு மூன்று குடும்பங்களும் நிற்கும் ஒரு படம், அதில் பதிவான நேரத்தோடு, பத்துப் பக்க மனுவைவிட அதிகம் பேசும். வழிகாட்டி போன பிறகு தாயார் பொது வரிசையில் நின்ற படம் இருந்தால் இன்னும் நல்லது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன.

பதில் வராவிட்டால் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகப் புகார் தாக்கல் செய்யலாம். சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். வழிகாட்டிக் கட்டணம், மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு இவற்றைக் கேளுங்கள். உள்ளே போய்ப் பொழுதைக் கழித்த பிறகு நுழைவு டிக்கெட் பணத்தையும் கேட்டால், மற்ற கோரிக்கைகளின் மதிப்பும் குறையும். இழப்பீட்டையும் லட்சக்கணக்கில் கேட்காதீர்கள்.

நோட்டீஸ் போனதும், ‘அடுத்த முறை இலவசமாக வாருங்கள்’ என்று கூப்பன் நீட்டுவார்கள். விருப்பமிருந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ‘முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன்’ என்று ஒரு தாளும் கூடவே வரும். பணம் வங்கிக் கணக்கில் ஏறும்வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.