துப்பாக்கிக்குக் காப்பீடு: சான் ஹோசே சட்டம் என்ன கேட்கிறது?

கேள்வி: அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் ஹோசே நகரத்தில் வாடகை வீடு. கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது. தனி பாலிசி எடுக்கணுமா சார்?

பதில்: வேண்டாம். 2023 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள நகரச் சட்டம், கவனக்குறைவாலோ தவறுதலாகவோ குண்டு பாய்ந்து ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருள்சேதத்துக்கு ஈடு தரும் பாலிசியைக் கேட்கிறது. வாடகைதாரர் பாலிசியே போதும். அதில் துப்பாக்கி விபத்து விலக்கப்படவில்லை என்று ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்குங்கள். பிறகு நகராட்சியின் உறுதிமொழிப் படிவத்தில் நிறுவனத்தின் பெயர், பாலிசி எண் எழுதிக் கையெழுத்திட்டு, துப்பாக்கியுடனேயே வையுங்கள். காரில் கொண்டுபோனால் படிவமும் கூடப் போகணும். மேசை டிராயரில் கிடந்தால் பயனில்லை.

கேள்வி: மறைத்து எடுத்துச்செல்லும் லைசென்ஸ் இருக்கு. எனக்கும் இந்தக் காப்பீடு கட்டாயமா?

பதில்: இல்லை, விலக்கு உண்டு.

கேள்வி: சுடணும்னு வர்றவன் பாலிசி எடுத்துட்டா வருவான்? இது கண்துடைப்புதானே?

பதில்: வேண்டுமென்றே சுட்டால் பொதுவாக பாலிசி பணம் தராது, சட்டமும் அதற்காக வந்ததல்ல. பெட்டகம், டிரிகர் பூட்டு வைப்பவருக்கு பிரீமியம் குறையும், அதனால் விபத்தும் குறையும் என்பதே ஆதரவாளர்களின் கணக்கு. வீட்டு பாலிசிக்குள்ளேயே இது அடங்கிவிட்டால் அந்தத் தூண்டுதல் வலுவிழக்கும். சட்டத்தின் மெலிந்த இடம் அதுதான் என்பேன். நீதிமன்றங்களும் ஒத்துப்போகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் ஜாமீன் சட்டங்களோடு (ஆயுதத்தால் தீங்கு செய்யக்கூடும் என்று கருதப்பட்டவரிடம் பிணை கேட்டவை) ஒப்பிட்டு, 2022 ஆகஸ்டில் நீதிபதி பெத் லாப்சன் ஃப்ரீமன் சான் ஹோசே சட்டத்துக்குத் தடை தர மறுத்தார். பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச்செல்ல 3,00,000 டாலர் காப்பீடு கேட்ட நியூ ஜெர்சி சட்டத்தில், 2023 மே மாதம் நீதிபதி ரெனே பம் அந்த ஒப்பீட்டை ஏற்காமல் காப்பீட்டுப் பிரிவை நிறுத்திவைத்தார். ஜெர்மனியிலோ காப்பீடு இல்லாமல் வேட்டை உரிமமே கிடையாது.

கேள்வி: என் பெரியவன் தெரியாமல் எடுத்து, சின்னவன் மேல் பட்டுவிட்டால் பாலிசி தருமா அண்ணா?

பதில்: பெரும்பாலும் தராது. பலர் கவனிக்காத பகுதி இது. பாலிசியின் விலக்குகள் பக்கத்தைப் பாருங்கள்: ஒரே வீட்டில் வசிக்கும் உறவினர் எல்லாரும் ‘காப்பீடு பெற்றவர்கள்’, அவர்களுக்கு ஏற்படும் காயத்துக்கு லயபிலிட்டி பகுதி (பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு ஈடு தருவது) பொருந்தாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும், உங்கள் பிள்ளைக்குக் கிடைக்காது. அதனால் இன்று இரவே செய்யுங்கள்: மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய கூட்டை) கழற்றுங்கள், அதோடு நிற்காதீர்கள், சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில்) ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பாகத்தை) பின்னுக்கு இழுத்துப் பிடித்து, உள்ளே கண்ணாலும் விரலாலும் பாருங்கள். துப்பாக்கியைப் பெட்டகத்தில் பூட்டுங்கள், தோட்டாவை வேறு பூட்டில் வையுங்கள். சாவி பிள்ளைகள் கைக்கு எட்டும் ஆணியில் தொங்கக்கூடாது.