பையில் போட ஒரு பிளாஷ்: திருகோணமலை வாசகர் கேள்விகள்

கமராவும் வாங்கியாயிற்று, லென்ஸும் ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது, அடுத்து பிளாஷ்தானே என்று கேட்டு வந்த கடிதங்கள் இம்முறை அதிகம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: நான் ஒரு ஆசிரியை. சொந்தக்காரர் வீட்டு விசேஷம், பள்ளிக்கூட விழா, பிள்ளைகளின் பிறந்தநாள் இவைதான் நான் எடுப்பவை. கமரா எப்போதும் தோள்பையில் இருக்கும். 'கைட் நம்பர்' 60 உள்ள பெரிய பிளாஷை வாங்குங்கள், சிறியது வெறும் 36தான் என்கிறார் கடைக்காரர். எதை எடுப்பது? (உவர்மலை)

சிறியதை எடுங்கள் அக்கா.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். கைட் நம்பரை லென்ஸின் எஃப் எண்ணால் (லென்ஸின் துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் எண்) வகுத்தால், ஐ.எஸ்.ஓ. (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 100இல் அந்த வெளிச்சம் எத்தனை மீற்றர் எட்டும் என்பது வரும். 36ஐ 4ஆல் வகுத்தால் 9 மீற்றர். ஐ.எஸ்.ஓ.வை 400க்கு ஏற்றினால் தூரம் இரண்டு மடங்காகும். உங்கள் வீட்டு விறாந்தை இவ்வளவு நீளமா? ஆனால் இந்த எண்கள் பிளாஷின் சூமை முழுதாக நீட்டி, வெளிச்சத்தை ஒடுக்கி அளந்தவை. 60 என்று போட்டிருப்பது பெரும்பாலும் 200 மி.மீ. சூமில், 36 என்று போட்டிருப்பது 105 மி.மீ. சூமில். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே பிழை. பத்துப் பேர் நிற்கிற குடும்பப் படத்துக்கு அகலக் கோணத்தில் வைத்தால் இரண்டு எண்ணுமே நன்றாக இறங்கிவிடும்.

எண்ணை விட்டுவிட்டுத் தலையைப் பாருங்கள். பிளாஷின் தலை மேலேயும் திரும்ப வேண்டும், பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும். சில சின்ன பிளாஷ்கள் மேலே மட்டும் நிமிரும். கமராவைச் செங்குத்தாகப் பிடித்தவுடன் அந்தத் தலை பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மேலே அடிக்க வழியில்லை. சில அசையவே அசையாது. அவை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது டி.டி.எல். எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதைக் கமராவே அளந்து சொல்லும் முறை இது. பிள்ளைகள் ஓடித் திரியும் வீட்டில், ஒவ்வொரு படத்துக்கும் பவரைக் கையால் மாற்ற உங்களுக்கு நேரம் இராது. மெனுவல் பிளாஷ் மலிவுதான், கற்றுக்கொள்ளவும் நல்லது. ஆனால் நீங்கள் கேட்கிற வேலைக்கு டி.டி.எல். கட்டாயம் வேண்டும்.

உதாரணத்துக்கு கோடொக்ஸ் நிறுவனத்தின் டி.டி.350. இரண்டு ஏ.ஏ. பற்றரி போடுவது, பற்றரி இல்லாமல் 200 கிராம், தலை இரண்டு பக்கமும் திரும்பும், டி.டி.எல். உண்டு. பெரிய பிளாஷ் நான்கு பற்றரியோடு அரைக் கிலோவைத் தொடும். அதை இரண்டு கிழமை சுமந்து பார்த்துவிட்டு அலுமாரியில் வைத்துவிடுவீர்கள். பெட்டியில் மாடல் பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள்: கெனனுக்கு சி, நிக்கோனுக்கு என், சோனிக்கு எஸ், ஃபுஜிக்கு எஃப். மாறி வாங்கினால் டி.டி.எல். வேலை செய்யாது.

நாள் முழுக்கக் கல்யாணம் எடுக்கிறவருக்கு இந்தப் பதில் பொருந்தாது. சின்ன பிளாஷ் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் கூடுதல் நேரம் எடுக்கும், விடாமல் அடித்தால் சூடேறி மெதுவாகிவிடும்.

கேள்வி: பிளாஷைச் சீலிங்கில் அடித்தால் மெத்தென்ற வெளிச்சம் வரும் என்றார்கள். தங்கச்சியின் சாமத்திய வீட்டில் அடித்துப் பார்த்தேன், படம் இருட்டு. பிளாஷ் பழுதா? (தம்பலகாமம்)

பிளாஷில் பிழை இல்லை, உங்கள் வீடு ஓட்டு வீடாக இருக்க வேண்டும். இந்த யோசனையைச் சொல்கிற காணொளிகள் எல்லாம் வெள்ளைச் சீலிங் போட்ட தாழ்வான அறைகளில் எடுத்தவை. நம் ஊரில் பாதி வீட்டில் மேலே ஓடு, இல்லாவிட்டால் கறுத்துப்போன சீட். அடித்த வெளிச்சத்தை அது விழுங்கிவிடும். மண்டபங்களில் கூரை அவ்வளவு உயரம். வெளிச்சம் மேலே போய்த் திரும்பி வருவதற்குள் சாறிக்கரை கூடத் தெரியாத அளவுக்கு மங்கிவிடும்.

சுவரைப் பாருங்கள். உங்களுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால், வெள்ளையாகவோ கிறீம் நிறத்திலோ ஒரு சுவர் இருந்தால் தலையை அதன் பக்கம் திருப்பி அடியுங்கள். ஜன்னல் வெளிச்சம் போல ஒரு பக்கத்திலிருந்து வரும். சீலிங்கை விட இதுவே முகத்துக்கு அழகு, என் கணிப்பில். பச்சை, ரோஸ் பெயின்ட் அடித்த சுவர் என்றால் அந்த நிறம் முழுக்க முகத்தில் ஏறும், கவனம். பந்தலில் வெள்ளைத் துணி கட்டியிருந்தால் உங்களுக்கு யோகம். அதைப் போல நல்ல கூரை வேறில்லை.

சுவரும் இல்லை, துணியும் இல்லையா? ஒரு தடித்த வெள்ளை அட்டையையோ ரிஜிபோம் துண்டையோ ரப்பர் பாண்டால் பிளாஷ் தலையின் பின்பக்கத்தில் கட்டி, தலையை நிமிர்த்தி அடியுங்கள். நேராக அடித்தால் நகையில் வெள்ளைப் புள்ளிகளும் நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பும் விழுமே, அது நன்றாகக் குறையும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் மூடி வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிப்பது. திரும்பி வர சுவரில்லாத திறந்த முற்றத்தில் அதைப் போடுவது பற்றரிக்கு நட்டம்.

அப்புறம் ஐ.எஸ்.ஓ. வெளிச்சத்தை எதிலாவது பட வைத்து எடுக்கும்போது 100இல் நிற்காதீர்கள். 800, தேவையானால் 1600. ஷட்டர் வேகத்தை 1/60 செக்கன் அளவில் வைத்தால் மண்டபத்தின் விளக்குகளும் படத்தில் சேரும், பின்னணி கறுப்புக் குகையாகாது.

கேள்வி: என்னிடம் கெனன் 2000டி. ஆன்லைனில் மலிவாக ஒரு மெனுவல் பிளாஷ் எடுத்தேன். டெஸ்ட் பட்டனை அமத்தினால் அடிக்கிறது, கமராவில் மாட்டினால் அடிக்கவே இல்லை. விற்றவர் கமரா பழுது என்கிறார். (கிண்ணியா)

கமராவும் பழுதில்லை, பிளாஷும் பழுதில்லை தம்பி. கமராவின் மேலே பிளாஷ் மாட்டும் இடத்தைக் குனிந்து பாருங்கள். நடுவில் பெரிய வட்டத் தகடு ஒன்று இருக்க வேண்டும். உங்கள் கமராவில் அது இராது. 2000டி (1500டி என்று விற்பதும் அதுதான்), 4000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் கெனன் அந்த நடுத் தொடுப்பை எடுத்துவிட்டது. சாதாரண மெனுவல் பிளாஷுக்கு 'அடி' என்ற சமிக்ஞை அந்த ஒரு புள்ளி வழியாகத்தான் போகும். கெனனின் சொந்த பிளாஷ்கள் மற்றச் சின்னத் தொடுப்புகள் வழியாகப் பேசுவதால் அடிக்கும். மற்ற நிறுவனங்களின் டி.டி.எல். பிளாஷ்களில் சிலவற்றுக்கு மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டிவரும். ஆகவே இந்தக் கமராக்காரர் யாராயிருந்தாலும் கமராவைக் கடைக்குக் கொண்டுபோய், மாட்டி, அடித்துப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

விற்றவர் திருப்பி எடுக்காவிட்டாலும் அதை எறிய வேண்டாம். வேறொரு பிளாஷ் மின்னியதும் தானும் அடிக்கும் எஸ்1, எஸ்2 என்ற தெரிவுகள் அதில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எஸ்2இல் போட்டு ஒரு மேசையில் வையுங்கள். கமராவில் உள்ள குட்டி பிளாஷைத் திறந்து படம் எடுத்தால், அந்த மின்னலைக் கண்டு இதுவும் சேர்ந்து அடிக்கும். அறைக்குள் நன்றாக வேலை செய்யும், வெயிலில் சரிவராது.

கேள்வி: லண்டனிலிருந்து வந்த மாமா தன் பழைய ஃபிலிம் காலத்துப் பிளாஷைத் தந்தார். டிஜிட்டல் கமராவில் போடலாமா? (பாலையூற்று)

அளக்காமல் போட வேண்டாம். அந்தக் காலத்துப் பிளாஷ் சிலவற்றில் நடுத் தொடுப்பில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். இன்றைய பிளாஷ்களில் சில வோல்ட்தான். டி.வி. திருத்துகிற ஒருவரிடம் கொடுத்து, பிளாஷ் முழுதாகச் சார்ஜ் ஏறிய பிறகு நடுத் தொடுப்புக்கும் பக்கத் தொடுப்புக்கும் இடையில் மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 24 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதை மாமாவின் ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே திறந்து பார்க்க வேண்டாம்; உள்ளே கப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவில் தேங்கி நிற்கும்.

கேள்வி: உப்புவெளிக் கடற்கரையில் காலையில் எடுத்தால் கடல் அழகாக வருகிறது, ஆள் கறுப்பு. சின்ன பிளாஷ் போதுமா? (அலஸ்தோட்டம்)

ஒருவர் இருவர் என்றால் போதும். நமக்குக் கடல் கிழக்கில். காலையில் கடலைப் பின்னால் வைத்தால் சூரியனும் பின்னால்தான். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/11, ஷட்டர் 1/200 என்று வரும். பல கமராக்களில் சாதாரண பிளாஷோடு 1/200க்கு மேல் போக முடியாது. 36ஐ 11ஆல் வகுத்தால் 3 மீற்றர் சொச்சம், அகலக் கோணத்தில் 2 மீற்றர் அளவு. கிட்ட நின்று நேராக அடியுங்கள். ஷட்டரை இன்னும் வேகமாக்கும் ஹை ஸ்பீட் சிங்க் வசதி சின்ன பிளாஷ்களிலும் உண்டு, ஆனால் பவர் மிக இறங்கும். நிக்கோன் டி3500, டி5600 வைத்திருப்பவர்கள் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அந்தக் கமராக்களில் அந்த வசதி இல்லை.

பெரிய கூட்டம் என்றால் பின்னேரம் போங்கள், காசு மிச்சம்.

கேள்வி: லிதியம் பற்றரி உள்ளதா, ஏ.ஏ. போடுவதா? (மூதூர்)

பலம் லிதியத்துக்குத்தான். கோடொக்ஸ் சொல்லும் கணக்கில், ஏ.ஏ. போடும் டி.டி.350 முழுப் பவரில் சுமார் 210 தடவை அடிக்கும். லிதியம் போடும் வி350 சுமார் 500. ஆனால் அந்தப் பற்றரி செத்தால் மூதூரில் தேடிப் பயனில்லை, கொழும்புக்குச் சொல்லி எடுக்க வேண்டும். ஆகவே எப்போதாவது எடுப்பவருக்கு ஏ.ஏ.தான் என் தெரிவு. சாதாரண அல்கலைன் வேண்டாம். மெதுவாகும், மறந்து உள்ளே விட்டால் ஒழுகித் தொடுப்பைத் தின்னும். எனலூப் போன்ற, சார்ஜ் செய்து வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும் நிக்கல் பற்றரி நான்கு எடுங்கள். புதியதையும் பழையதையும் கலந்து போட வேண்டாம்.

கடற்காற்று ஊரில் இன்னொன்று: பாவிக்காத நாட்களில் பற்றரியைக் கழற்றி, பிளாஷைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். அடித் தொடுப்பில் பச்சை பிடிப்பதை அப்படித்தான் தள்ளிப்போடலாம்.

கேள்வி: எல்.இ.டி. லைட் ஒன்று வாங்கினால் வீடியோவுக்கும் ஆகுமே? (சாம்பல்தீவு)

வீடியோ எடுப்பதானால் வாங்குங்கள். ஓடுகிற பிள்ளையை உறைய வைக்க அதனால் முடியாது.

கேள்வி: திருகோணமலையில் தெரிவு குறைவு. கொழும்பிலிருந்து கூரியரில் எடுத்தால் வொரன்டி? (நிலாவெளி)

ஏஜென்ட் வொரன்டியா, கடை வொரன்டியா என்று முதலிலேயே கேளுங்கள். கடை வொரன்டி அந்தக் கடை இருக்கும் வரைதான். வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவருவதற்குப் பெரும்பாலும் இங்கே வொரன்டி கிடையாது. பில்லில் மாடலும் தொடர் இலக்கமும் எழுதியிருக்க வேண்டும். பார்சலைத் திறக்கும்போது ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள். பிரச்சினை வந்து விற்றவர் கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977இல் அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். ஆகவே விசேஷம் வரட்டும் என்று பெட்டியோடு வைத்திராமல், வந்த அன்றே முழுப் பவரில் அடித்து, தலையை எல்லாப் பக்கமும் திருப்பி, டி.டி.எல்.இல் ஒரு முறை கிட்டவும் ஒரு முறை தூரத்திலும் எடுத்துப் பாருங்கள். இரண்டு படத்திலும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சாமான் சரி.