பாவித்த கார் வாங்கக் குறுகிய காலக் கடன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: களுவாஞ்சிகுடிக்கு அருகில் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். பாவித்த ஆல்ட்டோ கார் ஒன்று 30 இலட்சம் ரூபாவுக்கு விலைக்கு வந்திருக்கிறது. கையில் 20 இலட்சம் இருக்கிறது. என் பெயரிலுள்ள 6 இலட்சம் ரூபா நிலையான வைப்பு எட்டு மாதத்தில் முதிர்கிறது. கணவர் படுவான்கரையில் பெரும்போக வேளாண்மை செய்கிறார். அறுவடைக் காசும் அதற்கு முன் கைக்கு வந்துவிடும். மிகுதி 10 இலட்சத்தையும் 15 சதவீத வட்டிக்கு நான்கு வருட லீசிங்காகத் தருவதாகவும், "இடையில் காசு வந்தால் ஒரேயடியாகக் கட்டி முடிக்கலாம், ரீச்சர்" என்றும் முகவர் ஒருவர் சொல்கிறார். தெரிந்த ஒருவர் ஐந்து வட்டிக்குக் காசு தரத் தயாராக இருக்கிறார். எதை எடுப்பது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் காசு எட்டு மாதத்துக்குள் வரப்போகிறது என்றால், கடனும் எட்டு மாதத்தில் குறைந்த செலவோடு முடியக்கூடியதாக இருக்க வேண்டும். மாதத் தவணை கைக்கு அடக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையொப்பம் வைப்பதால்தான் எட்டு மாதத் தேவைக்காகப் பலர் நான்கு வருடக் கடனில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முகவர் சொன்ன 15 சதவீதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று முதலில் கேளுங்கள். முழுத் தொகைக்கும் நான்கு வருடத்துக்கும் நிலையாகப் போடும் வட்டி என்றால், 10 இலட்சத்துக்கு வட்டி 6 இலட்சம். மாதத் தவணை ஏறக்குறைய 33,333 ரூபா. நீங்கள் மாதாமாதம் முதல் தொகையைக் குறைத்துக்கொண்டு வந்தாலும் வட்டி மட்டும் ஆரம்பத் தொகைக்கே ஓடுவதால், குறைந்து செல்லும் மீதியின் மீது கணக்கிட்டால் இது வருடத்துக்கு 25 சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டி. எட்டாவது மாதத்தில் கடனை முடிக்கச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை நீங்கள் கட்டியது ஏறக்குறைய 2 இலட்சத்து 67 ஆயிரம். ஆனால் தவணைகளின் ஆரம்பப் பகுதியில் வட்டியே கூடுதலாகக் கழிக்கப்படுவதால், முதல் தொகையில் இன்னும் 8 இலட்சத்து 94 ஆயிரம் அளவில் நிலுவை நிற்கும். அதாவது எட்டு மாத வட்டி மட்டும் 1 இலட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டிவிடும். முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம், ஆவணச் செலவு, லீசிங்குக்குக் கட்டாயமான முழுக் காப்புறுதி ஆகியவை இதற்கு மேலதிகம். இடையில் முடிக்கலாம் என்று முகவர் சொன்னது உண்மைதான். என்ன விலைக்கு முடிக்கலாம் என்பதையும் அவரிடமிருந்து எழுத்தில் வாங்கிப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு நீங்களே விடை கண்டுவிடுவீர்கள்.

ஐந்து வட்டியைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபா என்பது வருடத்துக்கு 60 சதவீதம். 10 இலட்சத்துக்கு எட்டு மாதத்தில் 4 இலட்சம் வட்டி. அதற்கு மேலாக, இவ்விதக் கடன்களில் தொகை எழுதாத காசோலையிலும் வாகன மாற்றப் படிவத்திலும் கையொப்பம் கேட்பது வழக்கமாகிவிட்டது. எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் அப்படி ஒரு தாளில் கையொப்பம் வைக்காதீர்கள்.

உங்களுக்கு ஏற்ற வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நிலையான வைப்பை உடைக்காமல் அதையே பிணையாக வைத்து அதே வங்கியில் கடன் எடுக்கலாம். வைப்புத் தொகையின் பெரும்பகுதியை வங்கி தரும்; வட்டி, வைப்புக்கு உங்களுக்குக் கிடைக்கும் வட்டியை விடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்; வைப்பு முதிரும் நாளில் கடனைக் கழித்துக்கொண்டு மிகுதியைத் தந்துவிடுவார்கள். வாகனப் பதிவில் வங்கியின் பெயர் ஏறாது, உத்தரவாதக் கையொப்பத்துக்காகச் சக ஆசிரியர்களிடம் போய் நிற்கவும் வேண்டியதில்லை. இப்படி 5 இலட்சம் வந்தால், மிகுதி 5 இலட்சத்துக்கு நகையை வங்கியில் அடகு வைக்கலாம்.

நகை விடயத்தில் ஒரு சிறிய ஏற்பாடு பெரிய உதவியாக அமையும். எல்லாவற்றையும் ஒரே அடகுச் சீட்டில் வைக்காமல், சங்கிலி ஒரு சீட்டிலும் காப்புச் சோடி இன்னொரு சீட்டிலுமாக இரண்டு மூன்றாகப் பிரித்து வையுங்கள். கையில் காசு சேரும்போது ஒரு சீட்டை முழுதாக மீட்டு, அந்தப் பங்குக்கான வட்டியை அன்றோடு நிறுத்திவிடலாம். இடையில் பகுதி பகுதியாகக் கட்ட முடியுமா, தவணை முடியும் திகதி எது, தவறினால் ஏல அறிவித்தல் எந்த முகவரிக்கு வரும் என்பவற்றை வைக்கும் அன்றே கேட்டுச் சீட்டின் பின்புறம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதிரிக் கணக்குக்கு, இரண்டு கடனுக்கும் வருட வட்டி 14 சதவீதம் என்று வைத்தாலும், 10 இலட்சத்துக்கு எட்டு மாத வட்டி 93 ஆயிரம் அளவில் முடிந்துவிடும்.

அறுவடைக் காசை எண்ணிக் கடன் எடுக்கும்போது மட்டும் கையை இறுக்கிப் பிடியுங்கள். மாரி வெள்ளம் எந்த வருடத்தில் வயலை மூடும் என்று படுவான்கரை விவசாயிக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. விளைந்தாலும், எல்லோரும் ஒரே நேரத்தில் வெட்டிக் களத்து மேட்டிலேயே விற்கும்போது நெல் விலை இறங்கிவிடும். ஆகவே எதிர்பார்க்கும் தொகையில் பாதியை மட்டும் கடன் மீட்பதற்கென்று கணக்கில் எடுங்கள். அப்படிக் கணக்கிடும்போது கடன் மீட்கக் காசு போதாவிட்டால், அரச ஊழியர் என்ற வகையில் உங்களுக்குரிய இடர் கடனையும், நீங்கள் அங்கத்தவராக இருந்தால் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தையும் விசாரியுங்கள். இடர் கடனின் வட்டி மிகக் குறைவு, சம்பளத்திலேயே கழியும்.

வாகன விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையில் 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பாவித்த வாகனங்களின் விலை அளவுக்கு மீறி ஏறியிருந்தது. இனியும் அதே விலை நிற்கும் என்று நம்பி நீண்ட காலக் கடன் எடுப்பது புத்திசாலித்தனமாகாது. 30 இலட்சம் என்று சொல்லப்படும் வண்டியை நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் காட்டிப் பேரம் பேசுங்கள். விலையில் குறையும் ஒவ்வொரு ஆயிரமும் கடனில் குறையும்.

கேள்வி: சம்மாந்துறையிலிருந்து எழுதுகிறேன். வட்டிக் கடன் எடுக்க விருப்பமில்லை. ஒரு வருடத்துக்குள் கட்டி முடிக்கக்கூடிய தொகைதான் தேவை. இஸ்லாமிய நிதி முறைகளான இஜாரா, முராபஹா இரண்டில் எது பொருத்தம்?

பதில்: இஜாராவில் நிறுவனம் காரை வாங்கி உங்களுக்கு வாடகைக்குத் தந்து, காலம் முடிந்ததும் உரிமையை மாற்றித் தரும். முராபஹாவில் நிறுவனம் காரை வாங்கி, தன் இலாபத்தையும் சேர்த்த ஒரு நிலையான விலைக்கு உங்களுக்குத் தவணை முறையில் விற்கும். ஒரு வருடத்துக்குள் முடிக்க எண்ணுபவர் முராபஹாவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விலை ஒப்பந்தத்தன்றே முடிவாகிவிடுவதால், முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி கிடைப்பது பொதுவாக நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. ஆகவே முதலிலேயே பன்னிரண்டு மாதத்துக்கு விலை பேசுங்கள். நீண்ட தவணைக்கு எடுத்துவிட்டு இடையில் முடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். இஜாரா என்றால், கார் விபத்தில் முற்றாக அழிந்தால் வாடகை நிற்குமா, காப்புறுதிச் செலவு யாருடையது என்று கேளுங்கள். வட்டியின்றி, பாதுகாப்புக் கட்டணம் மட்டும் அறவிட்டு நகையின் பேரில் முற்பணம் தரும் சேவைகளும் இருப்பதால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குடும்பத்துக்குள் பலர் சேர்ந்து மாதாமாதம் காசு போட்டு நம்பிக்கையாக நடத்தும் சீட்டில் உங்கள் முறை அண்மையில் வருமென்றால், அந்தக் காசு எல்லாவற்றிலும் மலிவானது.

கேள்வி: திருக்கோவிலில் கடை வைத்திருக்கிறேன். கல்முனையில் ஒருவர் தன் காரைக் குறைந்த விலைக்குத் தருகிறார். லீசிங் இன்னும் 14 தவணை இருக்கிறதாம். "முற்பணத்தை என்னிடம் தாருங்கள், தவணையை என் பெயரிலேயே கட்டிக்கொண்டு போங்கள், முடிந்ததும் மாற்றித் தருகிறேன்" என்கிறார். புதிதாகக் கடன் எடுக்கத் தேவையில்லை என்பதால் யோசிக்கிறேன்.

பதில்: தயவு செய்து இதற்கு உடன்படாதீர்கள். லீசிங் முடியும் வரை பதிவில் முழு உரிமையாளர் நிதி நிறுவனமே. நீங்கள் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தாலும், விற்றவர் வேறொரு கடனில் தவறியோ, இறந்தோ, வெளிநாடு சென்றோவிட்டால் கார் உங்களுடையது என்று காட்ட உங்களிடம் சட்டபூர்வமான தாள் எதுவும் இராது. விபத்து நடந்தால் காப்புறுதி இழப்பீடும் உங்கள் கைக்கு வராது.

அந்தக் கார்தான் வேண்டுமென்றால், விற்பவரையும் கூட்டிக்கொண்டு லீசிங் கிளைக்குப் போய், குறித்த திகதிக்கான முடிப்புத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகையை நீங்களே கிளையில் செலுத்தி, பற்றுச்சீட்டில் வாகன இலக்கம் எழுதப்பட்டிருப்பதை உறுதி செய்யுங்கள். விற்பவருக்குரிய மிகுதியை, நிறுவனம் தன் உரிமையை விடுவிக்கும் கடிதமும் பதிவுப் புத்தகமும் கைக்கு வந்த பிறகே கொடுங்கள். பின்னர் தாமதமின்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பெயர் மாற்றாமல், விற்றவர் கையொப்பமிட்ட திறந்த படிவத்தோடு மாதக்கணக்காக ஓடுவது ஆபத்து. முடிப்புத் தொகைக்குக் காசு போதாவிட்டால், மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனம் ஒன்றில் உங்கள் பெயரிலேயே புதிய லீசிங் எடுத்துப் பழையதை முடிக்கலாம். செலவு சற்றுக் கூடினாலும் நீங்கள் கட்டும் ஒவ்வொரு தவணையும் உங்கள் பெயரில் பதிவாகும்.