தியோமானுக்கு இரவுப் பயணம்

கேள்வி: நானும் கணவரும் பாய்மரப் படகிலேயே குடியேறப் போகிறோம். முதல் நெடும்பயணமாக மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள தியோமான் தீவுக்குப் போகலாமா?
- வாசகி, பொங்கோல், சிங்கப்பூர்

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. நவம்பர் முதல் மார்ச் வரை மட்டும் வேண்டாம். வடகிழக்குப் பருவக்காற்று எதிரே அடிக்கும். ஜூனில் தென்காற்று துணை. அப்போதும் விடியலை ஒட்டிச் சுமத்ரா சூறைக்காற்று திடீரெனப் பாயும். இருட்டுமுன்பே பாயைச் சுருக்கிவிடுங்கள். சிங்கப்பூர் நீரிணையில் கப்பல் தடத்தைக் கடக்க நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்க வேண்டும். தடத்தில் வரும் கப்பலுக்குப் பாய்மரப் படகு இடையூறாகக் கூடாது என்பதே விதி.

நானும் மனைவியும் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாறுவோம். உடலில் அணியும் பாதுகாப்பு வாரைப் படகில் மாட்டாமல் இரவில் யாரும் மேல்தளத்துக்கு வரக்கூடாது. உடன் வருபவர் உறங்கும்போது நீங்கள் விழுந்தால், அவருக்குத் தெரியவே தெரியாது. இதில் மட்டும் கணவர் கெஞ்சினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.