வளர்ப்புக் கூடாரத்தில் நீண்டு சாயும் தக்காளி, குடைமிளகாய் நாற்றுகள்

கேள்வி: கோவையில் எங்கள் வீட்டு மாடியறையில் நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட வளர்ப்புக் கூடாரம் ஒன்றை அமைத்து, ஏப்ரல் தொடக்கத்தில் நான்கு குழித்தட்டுகளில் வீரிய ஒட்டுத் தக்காளியும் குடைமிளகாயும் விதைத்தேன். கட்டியாக வாங்கிய தென்னை நார்க்கழிவைத் தண்ணீரில் ஊறவைத்து அப்படியே நிரப்பினேன். மூன்றடி உயரத்தில் 45 வாட் ஊதா நிற எல்இடி விளக்கு இரவும் பகலும் எரிகிறது. ஈரப்பதம் குறையக் கூடாது என்று காற்றுத் துளைகளைக் கட்டிவிட்டு, காலையும் மாலையும் போர் தண்ணீர் தெளிக்கிறேன். உள்ளே வெப்பமானி 36 டிகிரி காட்டுகிறது. பதினெட்டு நாட்களில் தக்காளி நாற்றுகள் மெலிந்து நீண்டு சாய்கின்றன; சில நாற்றுகள் அடித்தண்டு கறுத்து மடிந்து விழுகின்றன. குடைமிளகாய் பாதிதான் முளைத்தது. முளைத்தவற்றின் இலைகள் வெளிறி ஓரம் கருகுகின்றன. தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் வீதமும், பஞ்சகவ்யமும் கொடுத்தும் பயனில்லை. என்ன செய்யலாம், ஐயா?

பதில்: முதலில் உரத்தையும் பஞ்சகவ்யத்தையும் உடனே நிறுத்திவிடுங்கள். உங்கள் நாற்றுகளுக்கு இப்போது பசி இல்லை. நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகளில் பெரும்பாலானவை வெப்பம், ஒளிக்குறைவு, நீர்த்தேக்கம், உப்பு ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் சேர்ந்ததால் வந்தவை. இந்நிலையில் ஊட்டம் கொடுக்கக் கொடுக்க உப்பின் அளவுதான் ஏறும்.

வளர்ப்புக் கூடாரம் பற்றிய காணொளிகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே அறையின் வெப்பம் குறைவு என்பதால், துளைகளை மூடி வெப்பத்தையும் ஈரத்தையும் உள்ளே பிடித்துவைப்பது அவர்களுக்குப் பொருந்துகிறது. கான்கிரீட் கூரையின் கீழ் ஏப்ரல் மாதக் கோவையில் உங்கள் வேலை அதற்கு நேர்மாறானது. உள்ளே சேரும் வெப்பத்தையும் நீராவியையும் வெளியேற்றுவதே இங்கே முதல் கடமை. தக்காளியும் குடைமிளகாயும் முளைக்க 25 முதல் 30 டிகிரி வரை ஏற்றது. வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் குடைமிளகாயின் முளைப்புத் திறன் வெகுவாகக் குறையும் என்பதால், பாதி விதைகள் முளைக்காததற்கு விதை நிறுவனத்தைக் குறைசொல்ல இப்போதைக்கு இடமில்லை.

இன்றே கீழ்த்துளைகள் அனைத்தையும் திறந்து, அவற்றின் மேல் நுண்ணிய பூச்சி வலையைக் கட்டுங்கள். வலை இல்லாவிட்டால் வெள்ளை ஈ நுழைந்து தக்காளிக்கு இலைச்சுருள் நச்சுயிரியைக் கொண்டுவந்துவிடும். மேல்துளையில் சிறிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைப் பொருத்துங்கள். அது வெளியேற்றும் காற்று அதே அறையில் சுற்றிக்கொண்டிருந்தால் பயனில்லை. அறையின் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். கூடாரத்திற்குள் இன்னொரு சிறு மின்விசிறியை, இலைகள் லேசாக அசையும் அளவுக்கு மட்டும், நேராக நாற்றுகளின் மேல் வீசாதபடி வையுங்கள். தண்டு அசைந்து வளர்ந்தால்தான் உறுதிப்படும். நார்க்கழிவின் மேற்பரப்பும் காயும். ஃபேன் வைத்த பிறகும் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால், கூடாரத்தைத் தரைத்தள அறைக்கு மாற்றிவிடுவது, குளிர்சாதன வசதிக்குச் செலவழிப்பதைவிட மேல்.

அடுத்தது ஒளி. தாவரத்திற்கு இருபத்து நான்கு மணிநேர ஒளி நல்லது என்ற எண்ணம் தக்காளி விஷயத்தில் பெருந்தவறு. இடைவிடாத ஒளியில் தக்காளி இலைகள் மஞ்சளடித்துக் காயமடையும் என்பது நன்கறியப்பட்ட ஒன்று. ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணிநேரம் போதும். மாலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டு மறுநாள் காலை பத்து மணிக்கு அணைத்தால், விளக்கின் சூடும் பகலின் சூடும் ஒன்றுசேராது. கோடையில் இதைவிடச் செலவில்லாத உத்தி வேறில்லை. பகலில் கூடாரத்தின் உள்ளே இருட்டாக இருப்பதால் நாற்றுக்கு எந்தக் கேடும் இல்லை.

ஆனால் நேரம் கூடுதலாக இருந்தும் ஒளியின் செறிவு உங்களிடம் மிகக் குறைவாக உள்ளது. எட்டுச் சதுர அடிக்கு 45 வாட் விளக்கு, அதுவும் மூன்றடி உயரத்தில் என்றால், குழித்தட்டின் ஓரங்களுக்கு ஒளி எட்டியிருக்காது. மிகுந்த வெப்பமும் குறைந்த ஒளியும் சேர்ந்தால் தண்டு நீளுமே தவிரப் பருக்காது. தற்காலிகமாக, விளக்கை நாற்றின் நுனியிலிருந்து ஓரடி உயரத்திற்கு இறக்கி, நலமாக உள்ள நாற்றுகளை மட்டும் இரண்டு தட்டுகளில் சேர்த்து விளக்கின் நேர்க்கீழே வையுங்கள். நிரந்தரத் தீர்வாக, உண்மையில் 100 வாட் மின்சாரம் எடுத்துக்கொள்ளும் வெள்ளை நிற எல்இடி ஒன்றை வாங்குவது நல்லது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை நம்பாமல், அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வெள்ளை விளக்கின் கீழ், கைபேசியில் ஒளியை அளக்கும் லக்ஸ் அளவிச் செயலி நாற்று மட்டத்தில் சுமார் 15,000 காட்டினால் நாற்றுப் பருவத்திற்குப் போதும். ஊதா விளக்கின் கீழ் அந்த அளவி தவறான எண்ணையே காட்டும் என்பதால் அங்கே அதைப் பயன்படுத்த வேண்டாம்.

அடித்தண்டு கறுத்து மடிவது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூசணங்கள் தேங்கிய ஈரத்தில் பெருகி, மண்மட்டத்தில் தண்டைத் தாக்குகின்றன. விழுந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. அதை அந்தக் குழியின் நார்க்கழிவோடு சேர்த்து அகற்றிவிட்டு, எஞ்சியவற்றிற்கு காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்புப் பூசணக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து வேர்ப்பகுதி நனையும்படி ஒருமுறை ஊற்றுங்கள். அதே நாளில் டிரைக்கோடெர்மாவைக் கொடுக்காதீர்கள். செம்பு அந்த நன்மை செய்யும் பூசணத்தையும் பாதிக்கும். மருந்தைவிட முக்கியம், தண்ணீர் கொடுக்கும் முறையை மாற்றுவது. இருவேளைத் தெளிப்பு என்ற கணக்கை விட்டுவிட்டு, தட்டைக் கையில் தூக்கிப் பார்த்து, எடை தெளிவாகக் குறைந்த பின்னரே தண்ணீர் கொடுங்கள். ஒரு தாம்பாளத்தில் சிறிதளவு நீர் ஊற்றி, குழித்தட்டை அதில் பதினைந்து நிமிடம் வைத்து, அடியிலிருந்து நீர் உறிஞ்சியதும் எடுத்து வடியவிடுவது சிறந்தது. மேற்பரப்பில் பச்சைப் பாசி படிந்தாலோ, தட்டைத் தொட்டதும் சிறு கரிய கொசு போன்ற ஈக்கள் கிளம்பினாலோ, ஈரம் இன்னும் அதிகமாக இருக்கிறது என்று கொள்ளுங்கள். அந்த ஈக்களுக்கு மஞ்சள் ஒட்டும் பொறி ஒன்று போதும்.

இனி குடைமிளகாயின் இலை ஓரக் கருகல். கழுவாத நார்க்கழிவில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு உப்புகள் இருக்கும். அதன் மேல் போர் தண்ணீரின் உப்பும், லிட்டருக்கு 5 கிராம் உரமும் சேர்ந்துள்ளன. இலை ஓரம் கருகுவது உப்பின் அடையாளம். நீங்கள் ஊற்றும் தண்ணீரையும், நார்க்கழிவைப் பிழிந்தெடுத்த நீரையும் நீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் அளந்து ஒப்பிடுங்கள். பிழிந்த நீரின் அளவு மிகவும் கூடுதலாக இருந்தால், சிறுவாணித் தண்ணீரையோ மழைநீரையோ மேலிருந்து தாராளமாக ஊற்றி, அடியில் வழிந்தோடும்படி ஒருமுறை அலசிவிட்டு, பிறகு தட்டை நன்றாகக் காயவிடுங்கள். புதிதாக விரிந்த இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால், அது போர் தண்ணீரின் காரத்தன்மையால் இரும்புச்சத்து கிடைக்காமல் போனதாகவே பெரும்பாலும் இருக்கும். தண்ணீரை மாற்றினால் அடுத்த இலைகள் தேறிவரும். கருகிய ஓரங்கள் மீண்டும் பசுமையாகா என்பதால், தேறுதலை எப்போதும் புது இலையைப் பார்த்தே மதிப்பிடுங்கள். அது நலமாக விரிந்த பின்னர் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் வாரம் ஒருமுறை தொடங்கலாம்.

நீண்டுபோன தக்காளியைத் தூக்கியெறிய வேண்டாம். தக்காளித் தண்டு புதைந்த இடத்தில் புது வேர் விடும் என்பதால், அடித்தண்டு கறுக்காத நாற்றுகளைச் சற்றுப் பெரிய கப்புகளுக்கு மாற்றும்போது வித்திலைக்கு (முளைத்ததும் முதலில் விரியும் இலைக்கு) சற்றுக் கீழே வரை ஆழமாக வைத்துவிடுங்கள். குடைமிளகாய்க்கு இந்த வழி அவ்வளவாகக் கைகொடுக்காது. மெலிந்தவற்றை விட்டுவிட்டு மறுபடியும் விதைப்பதே நல்லது. மறுவிதைப்புக்கு முன் ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டியை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, சுமார் 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓரிரவு ஊறவிட்டு, மீண்டும் ஒருமுறை அலசி வடித்துக்கொள்ளுங்கள். விதையின் மேல் மருந்துப் பூச்சு நிறமாகத் தெரிந்தால் அதில் டிரைக்கோடெர்மாவைக் கலப்பது வீண். அதை நார்க்கழிவில் கலந்துவிடுங்கள். டிரைக்கோடெர்மா உங்கள் ஊரிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும்.

தக்காளி ஏறத்தாழ 25 நாளிலும், குடைமிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்கு வரும். இம்முறை தக்காளி அதற்கு மேலும் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். கூடாரத்து நாற்றுகள் வெயிலையே கண்டிராதவை. ஆகவே நடவுக்கு முந்தைய ஒரு வாரம் அவற்றை நிழல்வலையின் கீழ் வைத்து, முதலில் காலை வெயிலை மட்டும் காட்டி, நாள்தோறும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே வந்த பின் மாலை வேளையில் நடுங்கள்.