நுகர்வோர் கேள்வி-பதில்: கிரீன் கார்டும் வழக்கறிஞர் கட்டணமும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடியேற்ற வழக்கறிஞர்களைப் பற்றியவை. மற்றவற்றை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

கே: ஹெச்-1பி விசாவில் ஒரு கன்சல்டன்சி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பெர்ம் (கிரீன் கார்டுக்கு முதல் கட்டமாக நிறுவனம் பெற வேண்டிய தொழிலாளர் சான்று) செலவு என்று எட்டு மாதங்கள் என் சம்பளத்தில் மாதம் 700 டாலர் பிடித்தார்கள். அதற்கடுத்து நிறுவனம் எனக்காகப் போட்ட ஐ-140 என்ற குடியேற்ற மனு ஒப்புதலாகி ஓராண்டு ஆகிறது. நகல் கேட்டால் தருவதில்லை. வேலையை விட்டால் எல்லாம் போய்விடும் என்கிறார் வழக்கறிஞர். உண்மையா? (எடிசன், நியூ ஜெர்சி)

ப: உண்மையில்லை. நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2007 ஜூலை 16 முதல் நடப்பில் உள்ள தொழிலாளர் துறை விதியின்படி, பெர்ம் கட்டத்தில் நிறுவனத்தின் வழக்கறிஞர் கட்டணத்தையும், இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் விளம்பரங்கள் உள்ளிட்ட ஆள் தேடும் செலவையும் வேலை தருபவரே ஏற்க வேண்டும். அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிப்பதற்கும் தடை உண்டு. சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘லீகல்’ என்று இருந்தாலும், ‘அட்வான்ஸ்’ என்று மாற்றி எழுதியிருந்தாலும், எட்டுச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். தொழிலாளர் துறையிடம் புகார் கொடுக்கும்போது அவைதாம் சாட்சி.

ஒப்புதல் கிடைத்து 180 நாட்கள் கடந்துவிட்ட ஐ-140 மனுவை நிறுவனம் திரும்பப் பெற்றாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் அது ரத்தாவதில்லை. கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதி உங்களோடு வரும். புதிய நிறுவனம் பெர்மையும் ஐ-140ஐயும் மறுபடி தொடங்க வேண்டியிருக்குமே தவிர, நீங்கள் வரிசையின் கடைசிக்குப் போக மாட்டீர்கள். நகல் தராவிட்டால், தகவல் உரிமைக் கோரிக்கை மூலம் குடியேற்றத் துறையிடமே கேட்கலாம்.

அப்படியிருக்க, படித்த வழக்கறிஞர் ஏன் அப்படிச் சொன்னார்? பல ஆண்டுகளாக நான் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன விஷயம் இது. பெர்முக்கும் ஐ-140க்கும் மனுதாரர் நிறுவனம். நீங்கள் பயனாளி மட்டுமே. அந்த வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்ததும், அடுத்த ஆண்டு நாற்பது கோப்புகளை அவரிடம் கொடுக்கப்போவதும் நிறுவனம். ஒரே வழக்கறிஞர் இரு தரப்புக்கும் சேர்த்து ஆஜராவது வழக்கத்தில் உள்ளதுதான் என்றாலும், நிறுவனத்தை விட்டுப் போகலாமா என்ற கேள்வியை அவரிடம் கேட்பது, மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டுத் தரகரிடமே விசாரிப்பதற்கு ஒப்பானது. உங்கள் கைக்காசைக் கொடுத்து, உங்களுக்கு மட்டும் பதில் சொல்லும் வேறொரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். 5,600 டாலரை இழந்தவருக்கு இது கூடுதல் செலவுதான். ஆனால் இதுவாவது உங்களுக்காகச் செய்யும் செலவாக இருக்கும்.

கே: இந்தியர்களுக்கு இ.பி.-2 (உயர்கல்வி பெற்றவர்களுக்கான வேலைவாய்ப்பு) பிரிவில் ஓராண்டில் கிரீன் கார்டு வாங்கித் தருவதாக ஒரு வழக்கறிஞர் உத்தரவாதம் தருகிறார். நம்பலாமா? (மில்பிடாஸ், கலிஃபோர்னியா)

ப: நம்பாதீர்கள். ஆண்டுதோறும் தரும் கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 விழுக்காடு என்ற வரம்பை வைத்தது அமெரிக்க நாடாளுமன்றம், எந்த முன்னுரிமைத் தேதி வரை வரிசை நகர்ந்திருக்கிறது என்று மாதந்தோறும் அறிவிப்பது வெளியுறவுத் துறை, இரண்டும் அவர் கையில் இல்லை.

கே: கிரீன் கார்டு குலுக்கலில் என் பெயர் விழுந்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. வழக்கறிஞர் கட்டணமாக 85,000 ரூபாய் அனுப்பினேன். ஓய்வூதியப் பணம். இப்போது பதில் இல்லை. (கும்பகோணம்)

ப: ஐயா, வருந்துகிறேன். இந்தியாவிலிருந்து குடியேறுவோர் ஏற்கெனவே அதிகம் என்பதால், இந்தியாவில் பிறந்தவர்கள் பொதுவாக அந்தக் குலுக்கலில் சேரவே முடியாது. தேர்வானவர்களுக்கும் அமெரிக்க அரசு மின்னஞ்சலில் செய்தி அனுப்புவதில்லை. இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் இணைய மோசடிகளுக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

கே: டிராவல்ஸ் நடத்தும் நண்பரிடம் வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவரே அனுப்பிவிட்டார். நான் வீடு மாறியதால் குடியேற்றத் துறையின் கடிதம் பழைய முகவரிக்குப் போய்க் கெடு முடிந்துவிட்டது. யார் மீது வழக்குத் தொடரலாம்? (பிளேனோ, டெக்சஸ்)

ப: முதலில் கண்ணாடியைப் பாருங்கள். படிவத்தில் உள்ளவை உண்மை என்று, பொய்யானால் தண்டனை உண்டு என்ற வாசகத்தின் கீழ்க் கையெழுத்திட்டவர் நீங்கள். வீடு மாறினால் 10 நாட்களுக்குள் குடியேற்றத் துறைக்கு அறிவிக்க வேண்டியவரும் நீங்கள். சட்ட ஆலோசனை தரவும் உங்கள் சார்பில் ஆஜராகவும் உரிமையுள்ளவர், ஏதேனும் ஒரு மாநில வழக்கறிஞர் மன்றத்தில் பதிவுள்ள வழக்கறிஞரோ நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதியோதான். அவர்கள் ஜி-28 என்ற படிவத்தில் தம் பெயரைப் போட்டுக் கையெழுத்திடுவார்கள். உங்கள் நண்பர் போட்டாரா? இனியாவது உண்மையான வழக்கறிஞரிடம் கோப்பைக் காட்டி, மறுபரிசீலனைக்கு வழி உண்டா என்று கேளுங்கள்.

கே: கிரீன் கார்டைப் புதுப்பிக்க வழக்கறிஞர் தேவையா? (ஷார்லட், வட கரோலினா)

ப: கைது, நீண்ட காலம் வெளிநாட்டில் தங்கியது போன்ற சிக்கல் எதுவும் இல்லையென்றால் தேவையில்லை, ஐ-90 படிவத்தை நீங்களே இணையத்தில் நிரப்பலாம். வருமான வரிக் கணக்கு எழுதும் கடையொன்றில் 300 டாலர் கொடுத்து அதை நிரப்பச் சொன்ன புத்திசாலி நான். முன்னெழுத்தை விரித்து எழுதும் நம் வழக்கம் புரியாமல், கடைக்காரர் என் தந்தையின் பெயரை என் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் போட்டார். நானும் படித்துப் பார்க்கவில்லை. தந்தை காலமாகிப் பதினொரு ஆண்டுகள் கழித்து அவர் பெயரில் நிரந்தர வசிப்புரிமை அட்டை வந்து சேர்ந்தது. தவறு துறையுடையதானால் திருத்தம் இலவசம். நம்முடையதானால் மறுபடி முழுக் கட்டணம். மறுபடி கட்டினேன்.

கே: வழக்கறிஞர் முதல் அரை மணி நேர ஆலோசனைக்கு 200 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா? (ஃபிரீமாண்ட், கலிஃபோர்னியா)

ப: கொடுக்கலாம். துறை கூடுதல் ஆவணம் கேட்டால் பதில் எழுதுவதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை முதல் கேள்வியாக வைத்து, மற்றவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நான் முதன்முதலில் போனபோது, ஊரிலிருந்து வந்த கதையைச் சொல்லி முடிக்கவே இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது.